ஜீவிதாவின் முழங்கால்

பிசியோதெரபி படித்த லக்ஷணா சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். பிறகு ஊருக்கே திரும்பிவந்து, சின்ன காஞ்சிபுரத்தில் தன் வீட்டு முன் அறையைச் சிகிச்சை அறையாக மாற்றிக்கொண்டாள். ஒரு கட்டில், ஆளுயரக் கண்ணாடி, ரப்பர் பட்டைகள், மணல் மூட்டைகள். அறைக்கும் கூடத்துக்கும் நடுவே வாசல் இருந்தது, கதவு இல்லை. பச்சைத் திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். வருகிறவர்களில் பாதிப் பேர் தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள். மற்றவர்கள் பக்கவாதத்திலிருந்து தேறிக்கொண்டிருப்பவர்கள், வழுக்கி விழுந்து கை ஒடித்துக்கொண்டவர்கள். அவர்கள் தங்கள் வலியைத் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னார்கள். திரையே போதும் என்று லக்ஷணாவும் இருந்துவிட்டாள்.

ஜீவிதா அவளிடம் வந்தது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். தென்னேரிப் பெண். காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லூரிப் பெண்கள் கபடி அணியில் ரெய்டு போகிறவள் அவள்தான். பெண்கள் ஆட்டத்தை யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டவர்களெல்லாம் அவள் ஆடத் தொடங்கிய பிறகு மைதானத்துச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். நெட்டையும் இல்லை, பருமனும் இல்லை. எதிரணிக்குள் போனால் ஏதோ மறந்துபோன பொருளை எடுத்துக்கொண்டு வருகிறவள்போலத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள்.

ஒரு ஆட்டத்தில் மூன்று பேர் அவள்மேல் விழுந்ததில் இடது முழங்காலின் உள்ளே ஜவ்வு பாதி கிழிந்துவிட்டது. உடனே ஆபரேஷன் வேண்டாம், சில மாதம் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம் என்று சொல்லி, டாக்டர் அவளை லக்ஷணாவிடம் அனுப்பியிருந்தார்.

முதல் நாளே ஜீவிதா கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டாள்.

"அக்கா, இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. கோச்சுக்கு மட்டும்தான் தெரியும். வீட்ல சுளுக்குன்னு சொல்லிக்கினு இருக்கேன்."

"வீட்ல ஏன்மா மறைக்கணும்?"

"எங்கப்பா பயந்துக்குவாரு. ஆட்டமே வேணான்னுடுவாரு."

"மத்தவங்களுக்கு?"

"எதுர்ல நிக்கிறவளுக்கு எந்தக் காலுன்னு தெரிஞ்சா போதும்க்கா. வந்து அதத்தான் புடிப்பா. அவ மேல தப்பு இல்ல. நானா இருந்தாலும் அதத்தான் புடிப்பேன்."

லக்ஷணா சிரித்துவிட்டாள். "இங்க வரவங்க விஷயம் எதுவும் என்கிட்டேர்ந்து வெளியில போகாது. கவலைப்படாதே."

அவள் மனதாரத்தான் சொன்னாள்.

லக்ஷணாவின் தம்பி ஸ்ரீகர் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தான். கூடத்தில் கம்ப்யூட்டர் இருந்தது; காலேஜ் விட்டு வந்தால் அதன் முன்னால்தான் இருப்பான். கபடி என்றால் அவனுக்குப் பைத்தியம். ஆர்குட்டில் காஞ்சிபுரம் வட்டாரக் கபடி ரசிகர்களுக்காக ஒரு குழு தொடங்கி, அதை நடத்துகிறவனும் அவன்தான். எந்தக் கல்லூரி எங்கே ஆடுகிறது, யார் யாரைப் பிடித்தார்கள் என்று நூற்றுக்கணக்கான பையன்கள் அதில் எழுதுவார்கள். ஜீவிதா தங்கள் வீட்டுக்கு வருகிறாள் என்று தெரிந்தும் ஸ்ரீகர் தன்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்காதது லக்ஷணாவுக்குப் பெருமையாக இருந்தது. பையன் வளர்ந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் ஒரு மாலை ஜீவிதா வந்தாள். செருப்பை வெளியே விட்டாள், உள்ளே வந்தாள், கட்டிலில் உட்காரவில்லை.

"அக்கா, என்னப் பத்தி நெட்ல போட்டுருக்குது. என் ஃபிரண்டு பிரவுசிங் சென்டருக்கு இட்டுக்கினு போயி காமிச்சா."

"என்ன போட்டிருக்கு?"

"இடது முட்டின்னு போட்டுருக்குது. ஜவ்வு பாதி போச்சுன்னு போட்டுருக்குது. ஜவ்வுன்ற வார்த்தைய நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. கோச்சுகூட லிகமெண்ட்டுன்னுதான் சொல்லுவாரு. ஜவ்வுன்னு சொல்லி எனக்குப் புரிய வெச்சது நீங்க. இந்த ரூம்லதான்."

லக்ஷணா திரும்பிப் பச்சைத் திரையைப் பார்த்தாள்.

"அதுகூடப் பரவால்லக்கா. அதுக்குக் கீழ எழுதிக்கினே போயிருக்காங்க. இனிமே இவ ஆட மாட்டான்னு ஒருத்தன். நொண்டிக்கினுதான் இருப்பான்னு ஒருத்தன். முட்டியெல்லாம் சும்மா, ஒரு பொண்ணு இத்தினி நாளு காணாமப் போனா வேற காரணம் இருக்கும்னு ஒருத்தன். அதுக்கு அம்பது பேரு சிரிச்சிருக்கான்."

வந்த வேகத்திலேயே திரும்பிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். இடது காலைச் சரியாக ஊன்றி நடக்கச் சொல்லிக்கொடுத்திருந்ததெல்லாம் போய், பழையபடி இழுத்துக்கொண்டு தெருவில் நடந்தாள்.

கூடத்தில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கீபோர்டு சத்தம் நின்றிருந்தது.

லக்ஷணா திரையை விலக்கிக்கொண்டு போனாள். ஸ்ரீகரின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"நீயா போட்டே?"

"நல்லதுக்குத்தான்கா போட்டேன். அவ ஏன் ஆடலைன்னு எல்லாரும் கேட்டுண்டே இருந்தா. ஒரு கோபத்துல டீமை விட்டே போயிட்டாள்னுகூட எழுதினா. அதான், இந்த மாதிரி ஜவ்வு கிழிஞ்சிருக்கு, எல்லாரும் அவளுக்காக வேண்டிக்கோங்கோன்னு போட்டேன். இப்படிப் போகும்னு நினைக்கலை."

"அவ உன்னை வேண்டிக்கச் சொன்னாளா?"

"நீ எதுவும் சொல்லலையே. என் காதுல தானா விழுந்தது. உன் மேல தப்பே இல்லை."

"அவளுக்கு அது தெரியுமா?" என்றாள் லக்ஷணா. "தெரிஞ்சாத்தான் அவளுக்கு என்ன?"

ஸ்ரீகர் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதே தான் எழுதியதையும் அதன் கீழே இருந்த அத்தனையையும் அழித்தான். ஆனால் அதற்குள் யாரோ அதை எடுத்து வேறு இரண்டு குழுக்களில் ஒட்டியிருந்தார்கள். அழித்ததைப் பார்த்தவர்கள், "பாத்தியா, உண்மை வெளியில வந்ததும் மறைக்கிறாங்க" என்று எழுதத் தொடங்கினார்கள். அந்த வேறு காரணம்தான் நிஜம் என்று பேச்சு கெட்டியானது.

"அக்கா, நீயே ஒரு வரி எழுதிடேன்" என்றான் ஸ்ரீகர். "நான்தான் டிரீட்மெண்ட் பாக்கறேன், முட்டியில மட்டும்தான் அடி, மத்ததெல்லாம் பொய்னு. டாக்டர் சொன்னா நம்புவா."

லக்ஷணா நாற்காலியில் உட்கார்ந்தாள். உண்மையாகவே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். ஒரே ஒரு வரி, அதுவும் பொய் இல்லை. அந்தப் பெண்ணை அசிங்கப்படுத்திய வாயெல்லாம் அதோடு மூடிவிடும். பாதி வரி அடித்தும்விட்டாள். அடித்ததைப் படித்தபோதுதான் உறைத்தது: ஜீவிதா யாரிடமும் சொல்லாதே என்று கேட்ட விஷயத்தைத்தான் அந்த வரியும் சொன்னது. இன்று இல்லை என்று எழுதினால் நாளைக்கு வேறு ஒன்று கேட்பார்கள். அதற்கு வாயைத் திறக்காவிட்டால் அதையே ஆமாம் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெண் தன் உடம்புக்கு ஊரிடம் கணக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடித்ததை அழித்துவிட்டு எழுந்தாள்.

"ஞாயித்துக்கிழமை தென்னேரிக்குப் போறோம்" என்றாள். "நீயும் வரே."

வாலாஜாபாத்தில் பஸ் மாறித் தென்னேரியில் இறங்கியபோது வானம் வெளுத்திருந்தது. ஏரி நிரம்பி, கரையோரம் காற்றுக்குத் தண்ணீர் சளப் சளப் என்று மோதிக்கொண்டிருந்தது. ஜீவிதாவின் வீடு எது என்று கேட்டதும், கடைக்காரர் கையை நீட்டிக் காட்டியதோடு விடாமல், "கபடி ஆடற பொண்ணுதானே? உடம்புக்கு இன்னாமே அதுக்கு?" என்று விசாரித்தார். ஸ்ரீகர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

ஜீவிதாவின் அப்பா தணிகாசலம் வீட்டு வாசலில் மருந்தடிக்கிற மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லக்ஷணா தான் யார் என்று சொன்னதும் சட்டென்று எழுந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். கேள்வி அவரிடம் தயாராக இருந்தது.

"நல்லவேள டாக்டரம்மா, நீங்களே வந்துட்டீங்க. உரக்கடையில ஒருத்தன் என்ன நிக்க வெச்சிக் கேக்கறான், ஒம் பொண்ணப் பத்தி கம்ப்யூட்டர்ல இன்னான்னாவோ வருதாமேன்னு. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. பொண்ணக் கேக்கவும் வாய் வரல. நீங்க பாக்கறவங்க. எம் பொண்ணுக்கு இன்னாம்மா? முட்டிதானா, வேற எதுனாவா?"

முட்டிதான் என்று ஒரு வார்த்தை. இரண்டு நாளாக அவர் சுமந்துகொண்டிருந்தது இறங்கிவிடும். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லாமல் இருப்பது லக்ஷணாவுக்கு ஆர்குட்டில் எழுதாமல் இருந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

"ஐயா, அதை ஜீவிதா கிட்டயே கேளுங்க. நான் சொல்லக் கூடாது."

"நான் அவளப் பெத்தவன்மா."

"தெரியும் ஐயா. அவ சின்னக் குழந்தை இல்ல. அவ உடம்பு விஷயம், அவ வாயால சொன்னாத்தான் சரி. கேளுங்க, கண்டிப்பா சொல்லுவா."

தணிகாசலத்தின் முகம் கறுத்தது. பெரிய வீட்டுப் பெண், படித்த பெண், வாசல் தேடி வந்து இப்படிச் சொல்கிறதே என்ற கோபம் அதில் தெரிந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது உள்ளேயிருந்து ஜீவிதா வெளியே வந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று அவ்வளவையும் கேட்டிருக்கிறாள்.

லக்ஷணா எழுந்து நின்றாள்.

"ஜீவிதா, நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா என் ரூம்லேர்ந்துதான் அது போச்சு. திரைக்கு அந்தப் பக்கம் உக்காந்துண்டு கேட்டு எழுதினது இவன், என் தம்பி. பக்கத்துல ஆள் இருக்கும்போது கதவு இல்லாத இடத்துல உன்னைப் பேச வெச்சது நான். அதைச் சொல்லத்தான் வந்தோம்."

ஸ்ரீகர் ஒரு அடி முன்னால் வந்தான். "சாரிங்க" என்றான். பிறகு அது போதாது என்று அவனுக்கே பட்டிருக்க வேண்டும். "நான் உங்க ஃபேன்ங்க. உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சிண்டு பண்ணினேன். உங்களைக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றான்.

ஜீவிதா அவனை ஒருமுறை பார்த்தாள். அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"சுளுக்கு இல்லபா. முட்டி உள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்குது. பாதி. அது மட்டும்தான். மத்தவங்க பேசறதெல்லாம் பொய்."

தணிகாசலம் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஆடாதன்னு சொல்லுவ."

"சொல்லுவேன்தான்" என்றார் அவர். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "சரியாவுமா?"

கேட்டுக்கொண்டே பழக்கத்தில் லக்ஷணாவைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு மகளிடம் திரும்பினார். "ஒன்னத்தான் கேக்கறேன். சரியாவுமா?"

"ஆவுதுபா. இப்பவே முன்ன மாதிரி இல்ல. அக்கா சொல்ற மாதிரி செஞ்சா ஆபரேஷன்கூட வேணாம்."

அப்போதுதான் வந்தவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அவரே எழுந்து போய் மோர் கொண்டுவந்தார். லக்ஷணாவிடம் சொம்பை நீட்டும்போது, "நீங்க சொல்லாததுக்கு எனக்குக் கோவம் வந்தது நெசம்தான்மா" என்றார். "ஆனா உரக்கடைக்காரன் கேட்டிருந்தா நீங்க இன்னா சொல்லியிருப்பீங்கன்னு இப்ப எனக்குத் தெரியுது."

அந்த வாரமே லக்ஷணா தச்சரை வரவழைத்து அறைக்குக் கதவு போட்டாள். மாம்பலகைக் கதவுதான், ஆனால் மூடினால் மூடியதுதான். நோயாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. இடுப்பு வலிக்காரர் ஒருவர், "இன்னா டாக்டரே, உள்ள போட்டுப் பூட்டிக்கறீங்க" என்று சிரித்தார். ஆனால் அவரே நான்காம் நாள், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, இதுவரை சொல்லாத ஒன்றை மெதுவாகச் சொன்னார்.

ஜீவிதா மறுபடி வரத் தொடங்கினாள். ஒருநாள் பயிற்சி முடிந்து கூடத்துக்கு வந்தவள், ஸ்ரீகர் நாற்காலியை விட்டு எழுந்து போகப் பார்த்ததைக் கண்டு நிறுத்தினாள்.

"அந்தக் குரூப்பு உன்னுதுதானே? அதுல நானே எழுதலாமா?"

"எழுதலாங்க. என்ன எழுதணும்னு சொன்னா நானே…"

"நீ எழுத வேணாம்" என்றாள் ஜீவிதா.

அவளுக்குக் கீபோர்டு பழக்கம் இல்லை. எழுத்தைத் தேடித் தேடி, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். "நான் ஜீவிதா. எனக்கு என்ன என்று எனக்குத் தெரியும், என் டாக்டருக்குத் தெரியும், எங்க அப்பாவுக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். இல்லை என்றும் சொல்ல மாட்டேன், ஆமாம் என்றும் சொல்ல மாட்டேன். என் ஆட்டம் எப்படி இருக்குது என்று எவ்வளவு வேணுமானாலும் திட்டுங்க. அது நீங்க பார்க்கிறது. உடம்பு என்னுது."

உடனே எல்லாரும் திருந்திவிடவில்லை. இது நிஜ ஜீவிதாவே இல்லை என்று சிலர் எழுதினார்கள். இடது முட்டிதானா என்று மட்டுமாவது சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்கள் சிலர். மறுநாள் தையல்நாயகி என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். செய்யாற்றுக் கல்லூரி அணியில் ஓரத்தில் நின்று, ரெய்டு வருகிறவளின் காலைப் பிடிக்கிறவள் என்று கபடி பார்க்கிற எல்லாருக்கும் அவளைத் தெரியும். "போன வருஷம் எனக்குக் காமாலை வந்தப்போ இங்கதான் நான் குடிக்கிறேன்னு எழுதினீங்க. எங்கம்மா அதைக் கேட்டு அழுதாங்க. நான் ஒண்ணும் சொல்லல, சொல்லத் தெரியல. ஜீவிதா சொன்னது எனக்கும் சேர்த்துத்தான்" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே வாலிபால் ஆடுகிற ஒரு பையன், தோள்பட்டை பற்றித் தன்னை எல்லாரும் கேட்டதை எழுதினான். அவனுக்குக் கீழே இன்னும் இரண்டு பேர். கேலி செய்தவர்களில் ஒருவன் தன் பழைய வரியை ஓசைப்படாமல் நீக்கிக்கொண்டான்.

ஆடுகிறவர்களே வந்து சொன்னாலொழிய அவர்கள் உடம்பைப் பற்றி யாரும் எழுதக் கூடாது என்று ஸ்ரீகர் குழுவில் சட்டம் போட்டான். அதில் என்ன சுவாரசியம் என்று கோபித்துக்கொண்டு ஒரு கூட்டம் விலகிப் போய்த் தனிக் குழு ஆரம்பித்தது. அங்கே இன்னமும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஜீவிதா அதைப் போய்ப் பார்க்கவில்லை.

மாசி மாதம் டாக்டர் முழங்காலை மடக்கி, நீட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, ஆடலாம் என்றார். கல்லூரிகளுக்கிடையிலான அரையிறுதி ஆட்டம் காஞ்சிபுரத்திலேயே நடந்தது. எதிரணி செய்யாறு.

லக்ஷணா அதுவரை கபடி ஆட்டம் எதையும் முழுசாகப் பார்த்தவள் இல்லை. தம்பியோடு போய் வெயிலில் சிமெண்டுப் படியில் உட்கார்ந்தாள். சற்றுத் தள்ளி, தலையில் துண்டு கட்டிக்கொண்டு தணிகாசலம் இருந்தார். ஜீவிதா இரண்டு முழங்காலிலும் ஒரே மாதிரி உறை போட்டிருந்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த பையன்கள், நெட்டில் வந்த மாதிரி இடது கால்தானா, இல்லை வலதா என்று பந்தயம் கட்டினார்கள். ஒருவன் குனிந்து, "மேடம், உங்களுக்குத் தெரியுமா?" என்றான்.

"எனக்கு ஆட்டமே இப்பத்தான் புரிய ஆரம்பிக்கறது" என்றாள் லக்ஷணா.

முதல் சில ரெய்டுகளில் ஜீவிதா உள்ளே அதிகம் போகவில்லை. கோட்டருகே நின்று ஆழம் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கூட்டம் முணுமுணுத்தது. இடைவேளைக்குப் பிறகு அவளே கை காட்டி, தான் போவதாகச் சொல்லிப் போனாள். ஆழமாகப் போனாள். ஓரத்தில் நின்ற தையல்நாயகி பாய்ந்து இடது கணுக்காலைப் பிடித்தாள். தெரிந்து பிடித்தாளா, கைக்கு அதுதான் அகப்பட்டதா என்று யாரும் சொல்ல முடியாது. பிடி மட்டும் முழுப் பிடி. கொஞ்சமும் தயவு பார்க்காத பிடி.

லக்ஷணா படியின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டாள். அந்த முழங்காலின் தசைநார் ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும் என்று அந்த மைதானத்தில் அவளுக்குத்தான் தெரியும். ஜீவிதா பிடிபட்ட காலை உதறவில்லை. அதையே ஊன்றி, உடம்பைத் திருப்பி, வலது கையை நீட்டி விழுந்தாள். விரல் நுனிகள் நடுக்கோட்டைத் தாண்டி மண்ணில் பதிந்தன. அதற்குள் அவள்மேல் விழுந்திருந்தவர்கள் தையல்நாயகியோடு சேர்த்து மூன்று பேர். மூவரும் வெளியே போக வேண்டியதாயிற்று. எழுந்த தையல்நாயகி போகிற போக்கில் ஜீவிதாவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டுப் போனாள்.

ஸ்ரீகர் எழுந்து நின்று கத்தினான். தணிகாசலம் கத்தவில்லை. துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆட்டத்தில் ஜீவிதாவின் அணிதான் ஜெயித்தது, சில புள்ளி வித்தியாசத்தில். கூட்டம் கலைந்தபோது ஜீவிதா மண் அப்பிய முகத்தோடு படிக்கு வந்தாள். சுற்றிலும் பையன்கள் நின்றார்கள். லக்ஷணா அவள் நடந்து வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது காலில் ஒரு சிறு தயக்கம் இருந்ததா, இல்லை தன் கண்தான் அப்படித் தேடுகிறதா என்று அவளுக்கு நிச்சயமில்லை. வீங்கியிருக்கிறதா, வலிக்கிறதா, உள்ளே ஏதாவது சொடுக்கியதா என்று கேட்க நாக்கு துடித்தது.

ஜீவிதா அதைக் கண்டுகொண்டாள்.

"நாளைக்கு ரூமுக்கு வரேன்க்கா" என்றாள். "அங்க சொல்றேன்."

"எத்தனை மணிக்கு?"

"காலேஜ் விட்டதும்." சிரித்தாள். "நைட்டு தூங்குங்கக்கா, பயப்படாதீங்க."

தணிகாசலம் மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடிக்க இருவரும் கேட்டைத் தாண்டிப் போனார்கள். அவர் அவளிடம் ஏதோ கேட்பதும், அவள் கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொல்லிக்கொண்டே போவதும் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்பது இவ்வளவு தூரத்துக்குக் கேட்கவில்லை.